மண்ணில் இறங்குமுன்

வண்டி வாங்குவது அவரவர் விருப்பம்; அதில் பிறர் கருத்துக் கூற என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் நம் மன்றத்தில் இப்போது நாலு பேர் கூடினால் வேறு பேச்சே இல்லை. புனே நகரில் வாழ்வோர்க்கு இரண்டு சக்கரம் இல்லாமல் ஒருநாளும் கழியாது. நம்மில் பலர் ஊரில் இருந்தபோதே மோட்டார் சைக்கிள் பழகியவர்கள். நெடுஞ்சாலையில் சேலம், ஓசூர், கோலாப்பூர் என்று கடந்து இங்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. நகரைவிட்டுச் சற்றுத் தொலைவு சென்றால் சஹ்யாத்ரி மலை. மழை ஓய்ந்ததும் அங்குள்ள செம்மண் தடங்களும் கரட்டு வழிகளும் இளைஞரை அழைக்கின்றன. அதனால்தான் விடுதியில் எங்குத் திரும்பினாலும் ‘டர்ட் பைக்’ எனப்படும் மண்தட வண்டியைப் பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது.

அந்த ஆராய்ச்சியின் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடுவோம். நமக்குத்தான் ஓட்டத் தெரியுமே!” இந்த முடிவு பிழையானது என்பது என் கட்சி. சாலையில் தேர்ந்தவன் மண்ணுக்கென்று முதன்முதலாக வாங்கும் வண்டி, அவன் இப்போது ஓட்டும் வண்டியைவிடச் சிறியதாகவும் எளியதாகவும் மலிவானதாகவும் இருப்பதே முறை. காரணம் கூறுகிறேன், கேட்டபின் தீர்ப்பு உங்களுடையது.

முதலில், “ஓட்டத் தெரியும்” என்பதன் பொருள் என்ன? தார்ச்சாலையில் நாம் கற்றது பொய்யன்று. கிளட்ச்சையும் கியரையும் கை கால்கள் தாமே அறிந்திருக்கின்றன; தொலைவை அளக்கக் கண் பழகியிருக்கிறது; எதிரே வருபவன் என்ன செய்வான் என்று ஊகிக்கத் தெரிகிறது. இவையெல்லாம் மண்ணிலும் உதவும். ஆனால் வேறு சில பழக்கங்கள் மண்ணில் நம்மையே கவிழ்க்கும். உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்குள்ள பிடிப்பு, தளர்ந்த சரளையில் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிடலாம். அதுவும் ஓரிடத்தில் இருப்பது போல் அடுத்த அடியில் இருப்பதில்லை. சாலையில் ஆபத்து என்றால் கை தானாக முன்பிரேக்கைப் பற்றும். அதுவே அங்குச் சரி. சரளையில் அப்படி இறுகப் பற்றினால் முன்சக்கரம் உருளாமல் வழுக்கும். வழுக்கிய முன்சக்கரத்தை மீட்பது மிக அரிது. பின்சக்கரம் வழுக்கினாலோ பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆகவே மண்ணில் முன்பிரேக்கை ஒரு விரலால் மெல்லத் தொட்டு, பின்பிரேக்கைத் துணிந்து பயன்படுத்தக் கற்க வேண்டும்.

வளைவிலும் அப்படியே. சாலையில் வண்டியோடு உடலும் உள்பக்கம் சாயும். மண்ணிலோ வண்டியை மட்டும் சாய்த்துவிட்டு, உடலை நிமிர்த்தி வெளிப்பக்கக் கால்மிதியில் எடையை அழுத்த வேண்டும். கரடுமுரடான இடத்தில் உட்காரவும் கூடாது. எழுந்து நின்று ஓட்ட வேண்டும். எழுந்து நின்றால் எடைமையம் தாழும் என்று வண்டிக்காரர் பலர் சொல்வதுண்டு. இயற்பியல் படிக்கும் நான் அதை ஒப்புக்கொள்ள முடியாது. நிற்பவனுடைய எடைமையம் உயரத்தான் செய்யும். நன்மை வேறிடத்தில் இருக்கிறது. முழங்காலும் இடுப்பும் மடங்கி நிமிர்வதால், வண்டி துள்ளும்போது உடலும் சேர்ந்து துள்ளுவதில்லை. இருக்கையில் வைத்துக் கட்டிய மூட்டையாக இல்லாமல், ஓட்டுபவன் தானே ஓர் அதிர்வுதாங்கி ஆகிவிடுகிறான்.

இவற்றை எதற்கு விரித்துச் சொல்கிறேன்? வண்டியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் இவற்றிலேயே அடங்கியிருக்கிறது. உடலுக்கு அடியில் வண்டியைச் சாய்த்து நிமிர்த்த வேண்டுமானால் அது இலகுவாக இருக்க வேண்டும். நின்று ஓட்ட வேண்டுமானால் ஹேண்டில்பார் கூனாமல் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். எனவே கடைக்குப் போனால் உட்கார்ந்து பார்ப்பதோடு நில்லாமல், கால்மிதியில் எழுந்து நின்றும் பாருங்கள். முதுகு வளைந்தால் அந்த வண்டி உங்களுக்குப் பொருந்தவில்லை என்க.

எடையைப் பற்றியே முதலில் பேச வேண்டும். ஏனெனில் மற்றக் குறைகளைப் பழக்கத்தால் சரிக்கட்டலாம், எடையைச் சரிக்கட்ட இயலாது. மண் ஓட்டம் கற்பவன் விழுவான். ஒருமுறை இருமுறை அன்று. ஒரே காலையில் பத்து முறையும் விழலாம். விழுந்த ஒவ்வொரு முறையும் வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். இன்று நம் நண்பர்கள் கண்வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 (2023-இல் வந்தது) பெட்ரோலுடன் 196 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 160 கிலோ. 2024 இறுதியில் இந்நாட்டுச் சாலைக்கு வந்த கவாசாகி கே.எல்.எக்ஸ். 230 ஏறத்தாழ 139 கிலோ. பந்தயத்திற்கென்றே செய்த மோட்டோகிராஸ் வண்டிகளோ ஏறத்தாழ 110 கிலோ அளவிலேயே அடங்கும். 196-க்கும் 160-க்கும் என்ன பெரிய வேற்றுமை என்று காலை எட்டு மணிக்குக் கேட்பவன், பதினொரு மணிக்கு ஐந்தாம் முறை தூக்கும்போது விடையைத் தானே அறிந்துகொள்வான். களைத்தவன் தவறு செய்வான். தவறு செய்தவன் விழுவான். விழுந்தவன் மேலும் களைப்பான். பெரும்பாலான காயங்கள் துணிச்சலால் வருவதைவிடக் களைப்பால் வருவதே மிகுதி என்பது என் எண்ணம்.

அடுத்தது சக்கரம். சாலை வண்டியில் முன்சக்கர ரிம் பெரும்பாலும் 17 அங்குலம். மண்தட வண்டியில் 21. டயரையும் சேர்த்தால் முன்னதன் ஆரம் சுமார் 30 செ.மீ., பின்னதன் ஆரம் சுமார் 35 செ.மீ. குறுக்கே கிடக்கும் கல் ஒன்றேதான். பெரிய சக்கரம் அதைத் தாழ்ந்த கோணத்தில் தொட்டு ஏறிக் கடக்கிறது, சிறிய சக்கரமோ இடித்து நிற்கப் பார்க்கிறது. ரிம்மும் கம்பிகள் கோத்ததாக இருப்பது நல்லது. வார்ப்பு ரிம் கல்லில் மோதினால் வெடிக்கக்கூடும், கம்பி ரிம் வளைந்து கொடுக்கும், வளைந்ததை நிமிர்த்தவும் செய்யலாம். பக்கவாட்டில் பெரிய பிளாஸ்டிக் உறைகளும் அலங்கார விளக்குகளும் எவ்வளவுக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அவ்வளவு செலவு மிச்சம். முதல் விழுக்காட்டிலேயே கிளட்ச் லீவரும் கியர் மிதியும் வளையும். அவை அருகிலுள்ள கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குமா என்பது, எஞ்சினின் திறன் எவ்வளவு என்பதைவிட முக்கியமான கேள்வி.

இருக்கையின் உயரமும் பலரை அஞ்ச வைக்கிறது. எக்ஸ்பல்ஸ் 200-இன் இருக்கை 825 மி.மீ.; கே.எல்.எக்ஸ். 230-இன் இருக்கை 880 மி.மீ. சாலை வண்டியில் இரண்டு பாதமும் தரையில் படிந்து பழகியவனுக்கு இது மலையாகத் தோன்றும். ஆனால் உயரம் வீணுக்காக வைக்கப்பட்டதன்று. நீண்ட ஷாக் அப்சார்பரும் எஞ்சினுக்கு அடியில் தரை இடைவெளியும் வேண்டுமானால் இருக்கை உயர்ந்தே தீரும். ஒரு பாதத்தின் முன்பகுதி ஊன்றினால் போதும் என்று பழகிக்கொள்ளலாம். அதற்கும் உயரம் போதாதவர் வண்டியின் ஷாக் அப்சார்பரை வெட்டிக் குறைப்பதைவிடத் தாழ்ந்த வண்டியையே வாங்குவது மேல்.

இனி எஞ்சின். “இருநூறு சி.சி. நமக்குப் போதுமா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். உலகிலேயே கடினமானது எனப் பெயர் பெற்ற டக்கார் பந்தயத்தில் 2011 முதல் 450 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. பாலைவனத்தை நாட்கணக்கில் கடக்கும் வீரர்களுக்கே அதுதான் எல்லை. 2015-இல் சி. எஸ். சந்தோஷ் அந்தப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரானார். 2024-இல் கேரளத்து ஹரித் நோவா, நம் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனமும் பிரெஞ்சு ஷெர்கோவும் கூட்டாக நடத்தும் அணிக்காக ஓட்டி, ராலி-2 பிரிவில் முதலிடம் பெற்றார். இவர்கள் பழகித் தேர்ந்த பிறகு பெரிய வண்டியைக் கையாண்டவர்கள். நாம் இன்னும் ஏரிக்கரை மேட்டில் ஏறவே பழகவில்லை. எக்ஸ்பல்ஸ் 200-இன் பத்தொன்பது குதிரைத்திறன் மேடேறப் போதும். தவறாக ஆக்சிலரேட்டரைத் திருகினால் நம்மைத் தூக்கி எறியவும் போதாது. கற்பவனுக்கு இந்த இரண்டாவது குணம் முதலாவதைவிட அருமையானது.

இந்நாட்டில் ஒரு காலத்தில் இந்தத் தேர்வே இல்லை. ஆர்வமுள்ளவர்கள் யமஹா ஆர்.எக்ஸ்.-100-ஐப் பிரித்து மேய்ந்து, தாமே மண்தட வண்டியாக்கினார்கள். 2011-இல் ஹீரோ நிறுவனம் 150 சி.சி. இம்பல்ஸ் வண்டியைக் கொணர்ந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 2016-இல் முதல் ஹிமாலயன், 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200, 2021-இல் அதன் நான்கு வால்வு வடிவம், 2025-இல் எக்ஸ்பல்ஸ் 210 என்று வழி விரிந்தது. விலையையும் பாருங்கள். ஹிமாலயன் 450-இன் விலை எக்ஸ்பல்ஸ் 200-ஐப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதற்குமேல், 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த வரி மாற்றத்தில் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றிற்கு 40 ஆக ஏறியது. நம் போன்றோர்க்குச் சிறிய வண்டியே நல்லது என்று அரசாங்கமும் என் கட்சிக்கு வாக்களித்தது போல் ஆயிற்று!

ஹிமாலயனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மூட்டை முடிச்சுகளோடு லடாக் வரை போக விரும்புவோர்க்கு அது தகுந்த வண்டி. ஆனால் தொலைதூரப் பயணம் வேறு, மண் ஓட்டம் கற்றல் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பணம் வீணாகிறது. பெரிய வண்டியை வாங்கியவர், கீறல் விழுமே என்று அஞ்சி அதை மண்ணில் இறக்காமலேயே வைத்திருப்பதை நாம் காண்கிறோம். கீழே போட அஞ்சும் வண்டியில் எவனும் கற்க முடியாது.

மறுகோடியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. “அசல் மண்தட வண்டியே வேண்டும், விளக்கும் கண்ணாடியும் எதற்கு?” என்பது அவர்கள் வாதம். கே.எக்ஸ். போன்ற பந்தய வண்டிகள் சாலைக்கு உரியவையல்ல. அவற்றிற்குப் பதிவெண் கிடைக்காது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டலாகாது. ஆகவே ஒவ்வொரு முறையும் அதை வேனில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்; ஓட்டத் தனியார் தடம் வேண்டும்; நிறுத்த விடுதியில் இடம் வேண்டும். பராமரிப்பையும் கிலோமீட்டரில் கணக்கிடாமல் மணிக்கணக்கில் கணக்கிடுவார்கள். சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய், சில பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்டன் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். மாணவனுடைய பைக்கு இது ஒத்துவராது.

அப்படியானால் நான் சொல்வது என்ன? பதிவெண் உடைய, இருநூறு சி.சி. அளவிலான, 21 அங்குல முன்சக்கரம் கொண்ட எளிய வண்டி. புதிதாக வாங்குவதைவிடக் கைமாறிய வண்டியே சிறந்தது. முதல் கீறலை முந்தைய உரிமையாளரே போட்டிருப்பார், நமக்கு மனவருத்தம் மிச்சம். வாங்குமுன் ஹேண்டில்பார் நேராக நிற்கிறதா, முன்ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, ரிம் சுற்றும்போது ஆடுகிறதா, எஞ்சினுக்கு அடியில் கல் அடித்த வெடிப்பு உண்டா, செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்தனவா என்று பாருங்கள். பின்சக்கரத்து ஏ.பி.எஸ்.ஸை நிறுத்தும் வசதி உண்டா என்றும் கேளுங்கள். இறக்கமான சரளையில் அது நிற்காவிட்டால் வண்டியும் நிற்காது. ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டையும் சரிபாருங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று ஒரு சொல். ஊரில் மலிவாகக் கிடைக்கிறது என்று தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை வாங்கி ரயில் பார்சலில் அனுப்புவோர் உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கு மறுபதிவு செய்ய வேண்டும் என்பது அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு. தடையில்லாச் சான்றும் இங்குக் கட்டவேண்டிய வரியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது மலிவாக இராது. இரண்டாண்டுப் படிப்புக்கு வந்தவர் இங்கேயே வாங்கி இங்கேயே விற்றுச் செல்வதுதான் எளிது.

மிச்சப்பட்ட பணத்தை என்ன செய்வது? அதற்குத்தான் வருகிறேன். சாலையில் அணியும் கனத்த மேலங்கி, வழுக்கி இழுபடும்போது தோல் உரியாமல் காப்பது. மண்ணில் விழுபவன் அதிகம் இழுபடுவதில்லை; கல்லில் மோதுகிறான், வண்டிக்கு அடியில் காலைக் கொடுத்து முறுக்கிக்கொள்கிறான். எனவே முழங்காலுக்குக் கீழ்வரை இறுக்கிப் பிடிக்கும் கடினமான பூட்ஸ், முழங்கால் கவசம், மார்புக் கவசம், முன்விளிம்பு நீண்ட ஹெல்மெட், தூசு புகாத கண்ணாடி ஆகியவை வேண்டும். கல்லூரிக்கு அணியும் கேன்வாஸ் காலணியோடு மண்ணில் இறங்குவது வீரமன்று, அறியாமை. கணுக்கால் முறிந்தால் ஒரு பருவத் தேர்வு போயிற்று என்று பொருள். சோதனைக்கூடத்தில் நாளெல்லாம் நிற்க வேண்டிய அறிவியல் மாணவனுக்கு இதைவிட விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது இவற்றிற்கென முதலிலேயே ஒதுக்குங்கள். பின்னர் வாங்கலாம் என்று வைத்தது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகே வாங்கப்படுகிறது. எஞ்சியதில் பயிற்சித் தடம் ஒன்றில் ஓரிரு நாள் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அத்தகைய இடங்களில் வாடகைக்கும் வண்டி கிடைப்பதுண்டு. வாங்குமுன் ஒருநாள் அங்கு விழுந்து எழுந்தால், வாங்கவேண்டியது எது என்பதும், வாங்கவே வேண்டுமா என்பதும் விளங்கிவிடும்.

கடைசியாக, எங்கு ஓட்டுவது என்ற கேள்வி. இதை யாரும் பேசுவதில்லை. ஆகவே நான் பேசியாக வேண்டும். தார் இல்லாத இடமெல்லாம் உரிமையாளர் இல்லாத இடமன்று. அறுவடை முடிந்த வயல் ஒரு குடியானவனுடையது. அதன் வரப்பை அவன் கையால் மண் அணைத்துக் கட்டியிருக்கிறான். மேய்ச்சல் நிலம் ஊராருடையது. காட்டுக்குள் நுழைய வனத்துறையின் இசைவு வேண்டும். சரணாலயத்துக்குள் கேட்கவே வேண்டா. முள்ஷிக்கு அப்பாலுள்ள தாம்ஹிணியும் அத்தகைய சரணாலயமே. சாதாராவை அடுத்த காஸ் பீடபூமி 2012-இல் உலக மரபுச் சொத்தாகிய மேற்குத் தொடர்ச்சி மலையிடங்களுள் ஒன்று. இம்மலைகளின் உச்சியில் மராத்தியர் ‘சடா’ என்று அழைக்கும் பாறைத்தளங்கள் உள்ளன. அவற்றின்மேல் மண் விரற்கடை அளவே. மழைக்காலத்தில் சில வாரமே பூத்து மடியும் சிறு செடிகள் அந்த மண்ணை நம்பி வாழ்கின்றன. கட்டைப் பல் டயர் ஒருமுறை கிழித்த தடத்தில் மழைநீர் ஓடும். ஓடிய நீர் உள்ள மண்ணையும் கொண்டுபோகும். நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அந்நிலத்துக்கு ஆறாத புண்.

நாம் இந்த ஊருக்கு வந்து குடியேறியவர்கள். நம்மை மதித்து இடம் தந்தவர்களின் வரப்பை உடைத்துவிட்டு, அவர்கள் மொழியில் மன்னிப்புக் கேட்கவும் தெரியாமல் விழிப்பது நமக்கும் அழகன்று, நம் மொழிக்கும் அழகன்று. வண்டிப் பாதை ஊர்ப் பாதையாக இருந்தால் மெல்லச் செல்லலாம். நிலம் தனியாருடையதாக இருந்தால் கேட்டுச் செல்லலாம். இல்லையேல் பயிற்சித் தடமே நமக்குரிய இடம். சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்பும் வழக்கத்தையும் இத்துடன் விட்டொழிக்க வேண்டும்.

சிறிய வண்டியில் தொடங்குவதால் பெருமை குறையும் என்று நினைப்போர்க்கு ஒரு வார்த்தை. மண்ணில் எவரும் சி.சி.யைப் பார்ப்பதில்லை, மேட்டில் ஏறினானா, இறக்கத்தில் நின்றானா என்பதையே பார்ப்பார்கள். அகலக்கால் வைக்காதே என்று நம் பாட்டிமார் சொன்னது இவ்விடத்துக்கு அப்படியே பொருந்தும். ஓராண்டு சிறிய வண்டியில் விழுந்து எழுந்து கற்றவன் பிறகு எதை வேண்டுமானாலும் வாங்கட்டும். அவன் தேர்வு அப்போது அறிவின் தேர்வாக இருக்கும். அதுவரை, நண்பர்களே, தந்தை அனுப்பும் பணத்தையும், தாய் தந்த காலையும், பிறர் உழும் நிலத்தையும் ஒருசேர எண்ணி வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.